கனேஹோ விடுதி: மூலமும் படியும்

தொடர்வண்டி பரவுவதற்கு முன்னர், அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் நெடுவழி செல்வோர்க்குத் துணையாய் விளங்கியது 'ஸ்டேஜ்கோச்' எனப்பட்ட குதிரைவண்டியாகும். குறித்த நிலைகள்தோறும் குதிரைகளை மாற்றிச் செல்லும் இயல்பினால் அஃது அப்பெயர் பெற்றது. அவ்வழிகளில் உண்டியும் உறையுளும் நல்கும் விடுதிகள் எழுந்தன. நம் நாட்டுச் சத்திரங்கள் அறங்கருதி அமைந்தவை. அவையோ விலைபெற்று விருந்தோம்பியவை. அத்தகைய விடுதிகளுள் ஒன்றான, கலிபோர்னியாவின் கனேஹோ பள்ளத்தாக்கில் நியூபரி பார்க் என்னும் ஊரிலுள்ளதனை ஈண்டு ஆராய்வாம்.

இதனை 1876-ஆம் ஆண்டில் எடுப்பித்தவர் ஜேம்ஸ் ஹேமல் என்பார். அந்நாளில் இதற்கு 'கிராண்ட் யூனியன் ஹோட்டல்' என்பது பெயர். வடபுலத்து ரெட்வுட் மரப்பலகைகள் கடல்வழியே வைனீமித் துறையை அடைந்து, அங்கிருந்து வண்டிகளில் செங்குத்தான மலைச்சரிவின்மேல் ஏற்றிக் கொணரப்பட்டன.

ஆயின், அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களிலேயே சான் பிரான்சிஸ்கோவையும் லாஸ் ஏஞ்சலிஸையும் உள்நாட்டு வழியே இணைக்கும் இருப்புப்பாதை நிறைவெய்திற்று. பின்னர் 1904-இல், சாந்தா சூசனா மலையைக் குடைந்து அமைத்த பாதையும் கனேஹோவை விலக்கியே சென்றது. குதிரைவண்டியின் காலம் முடிந்தது. எனினும் மனை வீழவில்லை. அஞ்சலகம், வழிபாட்டிடம், பள்ளி எனப் பல நிலைகளில் அது பயன்பட்டு வந்தது.

1965-இல் நெடுஞ்சாலையை விரிவுபடுத்தும் பணி காரணமாகக் கட்டடம் பெயர்த்து வேறிடத்தில் நிறுத்தப்பட்டது. 1970 ஏப்ரலில் தீ அதனை முற்றும் உண்டது. ஊரார் தளர்ந்திலர், பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பி, சரியாக நூறாண்டு நிறைந்த 1976-இல் அருங்காட்சியகமாகத் திறந்தனர்.

இனி எழும் வினா ஒன்று உண்டு. நிலமும் மாறி, மரமும் மாறிய பின்னர், இன்று நிற்பது அவ்விடுதிதானா? 'அன்று' எனச் சிலர் எளிதில் மறுக்கக்கூடும். யாம் அங்ஙனம் கருதவில்லை. ஏட்டுச்சுவடியின் நெறி இதற்கு விடை தருகின்றது. செல்லரித்த ஓலையைக் கண்ட நம் முன்னோர் புத்தோலையில் நூலைப் பெயர்த்தெழுதினர். ஓலை புதிது, நூல் பழையது. அப்படிகள் இல்லையேல் சங்க நூல்களுள் ஒன்றேனும் நம் கைக்கு எட்டியிராது.

எனினும், படி எடுப்போர்க்குக் கடப்பாடு ஒன்று உண்டு. தாம் எழுதிய காலத்தைக் குறித்தல் வேண்டும்; இடைச்செருகலை விலக்கல் வேண்டும். கட்டடத்திற்கும் இஃது ஒக்கும். 1876-இன் வடிவத்தை 1976-இன் மரம் தாங்கி நிற்கின்றது என்பதனை மறையாது உரைக்குங்கால் அது சான்றாகும். மறைத்துப் பழமை கொண்டாடுமாயின் அது போலியாகும். மீட்டெடுத்தல் பிழையன்று, மீட்டதனை மூலம் எனக் கூறுதலே பிழை. பழங்கட்டடங்களைப் புதுக்கும் யாவரும் இவ்வேறுபாட்டைப் போற்றுவாராக.