மார்ச் மாதத்து நோன்பு: குரோம்பேட்டையில் நான்கு ரமழான்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



2025ஆம் ஆண்டு மார்ச் முதல் வாரத்தை நம் குடும்பங்கள் எளிதில் மறக்கமாட்டா. சனிக்கிழமை மாலை பிறை தென்பட்டது. ஞாயிறு, மார்ச் 2, முதல் நோன்பு. மறுநாள் திங்கட்கிழமை பிளஸ் டூ பொதுத்தேர்வு தமிழ்த்தாளுடன் தொடங்கியது. புதன்கிழமை பிளஸ் ஒன் தேர்வும் சேர்ந்துகொண்டது. ஸஹருக்கு எழுந்து சோறாக்கிய தாய்மார்கள், பின்னர் பிள்ளையின் நுழைவுச்சீட்டைத் தேடினார்கள்; மாலையில் கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு ஒருவரைப் பள்ளிவாசலுக்கு அனுப்பினார்கள்; இரவு தராவீஹ் முடிந்து வீடு திரும்பும்போது மறுநாள் பாடம் காத்திருந்தது.

முதல் நோன்புக்கு முந்தைய இரவு ஒரு தாய் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், தேர்வு நாட்களில் மட்டும் என் மகன் நோன்பை விட்டுப் பின்னர் கழா செய்துகொள்ளலாமா?" என்று கேட்டார். அவருக்கு நாம் கூறிய பதிலைப் பின்னர் எழுதுவோம். அவர் அடுத்துச் சொன்ன ஒரு வாக்கியமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "எங்கள் பெரியவர்களுக்கு இந்தச் சோதனையெல்லாம் வந்ததில்லை" என்றார் அவர். வந்தது. அதுவும் இதே மார்ச்சில், இதே ஊரில்.

ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களைக் கொண்டது. ஆகவே ரமழான் ஆண்டுதோறும் பத்து, பதினோரு நாட்கள் முன்னே நகர்கிறது. 33 ஆங்கில ஆண்டுகள் கழியும்போது 34 ஹிஜ்ரி ஆண்டுகள் நிறைவடைந்து, ரமழான் அதே பருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஹிஜ்ரி 1446இன் ரமழான் 2025 மார்ச்சில் வந்தது. 1412இன் ரமழான் 1992 மார்ச்சிலும், 1378இன் ரமழான் 1959 மார்ச்சிலும், 1344இன் ரமழான் 1926 மார்ச்சிலும் வந்தன. நான்கிலும் நோன்பின் நீளம் ஒன்றே: ஏறத்தாழ 13 மணி நேரம். மாறியது நோன்பாளியின் வாரம்தான்.

இந்த நகர்வு எப்போதும் இப்படி இருந்ததன்று. இஸ்லாத்துக்கு முந்தைய அரபியர், மாதங்களைத் தம் வசதிக்கேற்ப முன்பின்னாக மாற்றினர். ரபீஉல் அவ்வல் என்பதற்கு 'முதல் வசந்தம்' என்றே பொருள். ரமழான் என்னும் சொல்லின் வேரில் வெம்மை இருக்கிறது. பெயர்கள் பருவத்தோடு கட்டப்பட்டிருந்தன. திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயம் அவ்வழக்கத்தைக் கண்டித்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்களே என்பதை உறுதிப்படுத்தினார்கள். அது ஹிஜ்ரி 10. கிறிஸ்தவ ஆண்டு 632. அந்த அறிவிப்பும் மார்ச் மாதத்தில்தான் நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பே. அன்று முதல் 'முதல் வசந்தம்' ஆடியிலும் வரும், ஐப்பசியிலும் வரும். எந்த நாட்டு நோன்பாளிக்கும் நிரந்தரக் கோடையுமில்லை, நிரந்தரக் குளிருமில்லை.

இனி 1926. நம் ஊரின் பெயரே தோலிலிருந்து வந்தது. ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் 1912இல் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால்தான் இவ்விடம் குரோம்பேட்டை ஆயிற்று. அதற்கு முன் தமிழகத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போதும். ஆனால் வாரக்கணக்கில் ஊறவேண்டும். குரோமிய உப்பு வந்தபின் அந்த வேலை சில நாட்களில் முடிந்தது. பதனிட்ட தோல் தூய்மையாகும் என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, சென்னையின் பெரியமேடு ஆகிய இடங்களில் இத்தொழிலில் முஸ்லிம்கள் முன்னணியில் நின்றதை யாவரும் அறிவர். தோல் வணிகத்தின் செல்வம் கல்விக்கும் சென்றது. திருச்சி ஜமால் முகமது கல்லூரிக்குப் பெயர் தந்த ஹாஜி ஜமால் முகமது சாகிப் அவர்களும் தோல் வணிகரே.

ஆனால் வணிகரின் வாரம் வேறு, ஆலைத் தொழிலாளியின் வாரம் வேறு. 1922ஆம் ஆண்டின் தொழிற்சாலைத் திருத்தச் சட்டப்படி, ஆலையில் ஒருவரை நாளொன்றுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். சுண்ணாம்புத் தொட்டியின் அருகே தண்ணீரில் நின்றபடி, நாவில் ஒரு சொட்டும் படாமல் அத்தனை நேரம் உழைத்த நோன்பாளியை எண்ணிப் பாருங்கள். மின்சார ரயில் அப்போது இல்லை. கடற்கரை தாம்பரம் மின்தொடர் 1931 மே மாதம்தான் ஓடத் தொடங்கியது. ஸஹருக்கு எழுப்ப ஒலிபெருக்கியும் இல்லை. பக்கீர்மார் தாயிரா கொட்டிப் பாடி எழுப்புவதே தமிழக முஸ்லிம் ஊர்களின் வழக்கமாயிருந்தது. அந்தப் பெரியவர்கள் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் இக்கட்டுரை இன்னும் நீளும்.

1959 வந்தபோது நாடு விடுதலை பெற்றிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரமே வரம்பு. எனினும் சட்டம் பொதுவாகக் குறித்த விடுமுறை ஞாயிறே. வெள்ளிக்கிழமை வேலைநாள். இதில் நமக்குக் குறைப்பட ஒன்றுமில்லை: ஜும்ஆ முடிந்ததும் கலைந்து சென்று வாழ்வாதாரம் தேடுமாறுதான் திருமறையும் கூறுகிறது. வெள்ளி ஓய்வுநாளாக அருளப்பட்டதன்று. தொழுகைக்கு விடப்படும் அந்த ஒரு மணி நேரமே தொழிலாளிக்குப் பெரிது. 1949இல் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி இவ்வூரில் தொடங்கியிருந்தது. தோலால் பெயர் பெற்ற ஊருக்குப் படிப்பாலும் பெயர் வரத் தொடங்கிய காலம் அது.

1992ஐ நாமே கண்டோம். அப்போது எட்டாம் வகுப்பு. நம் அண்ணன் பிளஸ் டூ. மீட்டர்கேஜ் மின்ரயிலில் நம் தந்தையார் வேலையிலிருந்து திரும்புவார். ரயில் தாமதமாகும் நாட்களில் சட்டைப்பையில் இரண்டு பேரீச்சம்பழம் இருக்கும். பெட்டியிலேயே நோன்பு திறந்துவிடுவார். வீட்டில் அம்மா புதினாவும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியை அவருக்காக மூடி வைத்திருப்பார். அண்ணன் நோன்போடுதான் தேர்வெழுதினார். அவர் ஒன்றும் வீரர் அல்லர். கணக்குத் தேர்வன்று பிற்பகல் முழுவதும் பாயில் சுருண்டு கிடந்தார். அந்த வீட்டில் நோன்பையும் தேர்வையும் எதிரெதிரே நிறுத்தி எவரும் பேசவில்லை, அவ்வளவே. அம்மா அவருக்கு வீட்டு வேலை எதையும் தரவில்லை. தண்ணீர்க் குடம் நம் தலைக்கு வந்தது.

இதை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று பல வீடுகளில் தேர்வெழுதும் பிள்ளைக்காகத் தொலைக்காட்சி நிறுத்தப்படுகிறது, விருந்தினர் வரவு நிறுத்தப்படுகிறது. கடைசியாக நோன்பும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. ஆனால் இஃப்தார் விருந்துகள் நிற்பதில்லை. நள்ளிரவு வரை கைப்பேசி நிற்பதில்லை. பிள்ளையின் உறக்கத்தைத் தின்பது பெரும்பாலும் இவைதாம்.

அந்தத் தாய்க்கு நாம் கூறிய பதில் இதுதான்: பருவமடைந்த பிள்ளைக்கு நோன்பு கடமை. நோயும் பயணமும் சலுகைக்குரிய காரணங்கள் என்று மார்க்கம் சொல்கிறது. தேர்வு என்பது மட்டும் அப்பட்டியலில் இல்லை. நோன்பு வைக்கட்டும். உடல் உண்மையிலேயே தாங்காத நிலை வந்து, கேடு விளையும் என்று அஞ்சினால் முறித்துவிட்டுப் பின்னர் கழா செய்யட்டும்; அதற்காக அவனை எவரும் ஏசக்கூடாது. ஸஹரைத் தவறவிடாமல் எழுப்புங்கள். தராவீஹில் தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் எட்டு ரக்அத்தோடு வீடு திரும்பினாலும் குற்றமில்லை, அது சுன்னத்து. தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கி 1.15க்கு முடிகிறது; ளுஹர் தொழுதுவிட்டு அஸர் வரை உறங்கட்டும்.

வியாழக்கிழமை ஆங்கிலத் தேர்வு. அன்று மாலை அந்த மாணவர் கஞ்சிப் பாத்திரத்தோடு பள்ளிவாசல் வரிசையில் நின்றார். நம்மைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். திங்களன்று நோன்போடு எழுதிவிட்டாராம். வியாழனன்று காய்ச்சலோடு தேர்வெழுதி வெளியே வந்தவர் பேருந்து நிறுத்தத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார், உடன் வந்த நண்பன் தண்ணீர் கொடுத்தான், குடித்துவிட்டார். அந்த நண்பன் முஸ்லிம் அல்லன். "நான் கொடுத்தது தப்பா?" என்று வழியெல்லாம் அவன் கேட்டுக்கொண்டே வந்தானாம்.

"அவன் செய்தது நன்மை. அவனுக்கு நம் சலாமைச் சொல்லுங்கள்" என்றோம்.

மாணவர் நிமிர்ந்தார். பெருநாளைக்குப் பின் ஷவ்வாலின் ஆறு நோன்பை முதலில் வைக்கலாமா, இந்த ஒன்றை முதலில் வைக்கவேண்டுமா என்று கேட்டார்.

"கடனை முதலில் அடைத்துவிடுங்கள், தம்பி" என்றோம். கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கப் போய்விட்டார்.