மேசை லாச்சிக்குள் ஏழாண்டுகள்

கலைஞன் தனித்து நின்று படைக்கின்றான் என்பது நெடுங்காலமாகப் பரப்பப்பட்டுவரும் ஒரு கட்டுக்கதை. ஏட்டில் எழுதப்பட்ட சுரங்கள் ஒருவரது கைவிரல்களில் உயிர்பெறும்வரை இசையாவதில்லை. எழுதுபவனுக்கும் வாசிப்பவனுக்கும் இடையே நிலவும் நம்பிக்கைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் சோவியத் இசை வரலாற்றைச் சேர்ந்தது. முற்போக்காளர்க்கு அது இனிப்பான உதாரணமன்று. ஆயினும் அதனை ஒளிக்காமற் பேசவேண்டியவர்கள் நாமே.

1947ஆம் ஆண்டுக் கோடையில் திமித்ரி ஷொஸ்தகோவிச் வயலினுக்கான தமது முதலாவது கொன்சேர்ட்டோவை எழுதத் தொடங்கினார். தனி வயலினும் பெரும் வாத்தியக் குழுவும் எதிர்நின்றும் இணைந்தும் உரையாடும் இசைவடிவம் அது. அவர் மனத்திற் கொண்டிருந்த வித்துவான் தாவீது ஒயிஸ்த்ராக். 1908இல் ஒடெசாவிற் பிறந்த யூதர். 1937இல் பிரசெல்ஸ் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதலிடம் பெற்றவர். படைப்பு முடியுமுன்பே, 1948 பெப்ரவரி 10ஆம் நாள், கட்சி மத்திய குழுவின் தீர்மானம் வெளியாயிற்று. ஷொஸ்தகோவிச், புரொக்கோபியெவ், கச்சதூரியன் முதலியோர் மக்களுக்கு அந்நியமான உருவவாதிகள் எனக் கண்டிக்கப்பட்டனர். ஷொஸ்தகோவிச் தம் ஆசிரியப் பதவிகளையும் இழந்தார். ஆசிரியர்களான நம் வாசகர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மார்ச்சில் நிறைவுற்ற கொன்சேர்ட்டோ மேசை லாச்சிக்குட் போயிற்று.

அச்சம் வீணானதன்று. அதன் இரண்டாம் பகுதியில் யூத மக்களின் நடன மெட்டொன்று துள்ளி எழுகின்றது. அவ்வாண்டு ஜனவரியிலேயே யூத நாடகக் கலைஞர் மிக்கோயெல்ஸ் கொல்லப்பட்டிருந்தார். யூத அறிஞர் மீதான வேட்டையும் தொடர்ந்தது. அவ்வேளையில் இத்தகைய படைப்பை யூத வித்துவான் ஒருவர் மேடையேற்றியிருந்தால் இருவருமே வீழ்ந்திருப்பர். ஷொஸ்தகோவிச் திரைப்படங்களுக்கு இசை எழுதினார். 'வனங்களின் பாடல்' எழுதி அரச பரிசும் பெற்றார். கொன்சேர்ட்டோ காத்திருந்தது.

1953 மார்ச்சில் ஸ்டாலின் மறைந்தார். 1955 ஒக்டோபர் 29ஆம் நாள் லெனின்கிராட்டில், மிராவின்ஸ்கி வாத்தியக் குழுவை நடத்த, ஒயிஸ்த்ராக் அதனை முதன்முறை வாசித்தார்.

அரங்கேற்றத்துக்கு முன் நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்றை நாம் பெரிதாக மதிக்கின்றோம். மூன்றாம் பகுதியில் ஒரே மெட்டு அடிக்குரல் வாத்தியங்களில் மீண்டும் மீண்டும் ஒலிக்க, அதன்மேல் வயலின் புலம்புகின்றது. பின்னர் குழு முழுவதும் மௌனமாகிவிட, வயலின் தன்னந்தனியே பல நிமிடங்கள் பேசி, மூச்சுவிட இடமின்றி இறுதிப் பகுதிக்குட் பாய்கின்றது. முதலில் எழுதப்பட்டபடி அவ்விறுதிப் பகுதியையும் வயலினே தொடங்கவேண்டும். நெற்றி வியர்வையையாவது துடைத்துக்கொள்ளத் தொடக்க வரிகளை வாத்தியக் குழுவுக்குக் கொடுக்குமாறு ஒயிஸ்த்ராக் கேட்டார். ஷொஸ்தகோவிச் உடனே இசைந்து மாற்றினார். இன்றும் அப்படியே வாசிக்கப்படுகின்றது.

ஒரு படைப்பைத் திருத்து என்று அதிகாரியும் சொல்லலாம், அதனைத் தன் உடம்பாற் சுமக்கும் தொழிலாளியும் சொல்லலாம். முன்னவர் சொன்னபோது ஷொஸ்தகோவிச் லாச்சியைப் பூட்டினார்; பின்னவர் சொன்னபோது பேனாவை எடுத்தார். கலைக்கு மக்கள் வழிகாட்டவேண்டும் என வாதிடும் நாம், எந்த மக்கள், எவர் வாயிலாக என்ற கேள்வியை இங்கிருந்தே தொடங்கலாம்.

அரங்கேற்றத்தின் பின் சோவியத் விமரிசகர் பலர் தயங்கினர். தயங்காதவர் ஒயிஸ்த்ராக். டிசம்பர் 29இல் நியூயோர்க்கில் மித்ரோபுலோஸின் நெறிப்படுத்தலில் வாசித்தார். 1956இல் 'சோவியத் இசை' சஞ்சிகையில் அப்படைப்பின் சிறப்பை விரிவாக எழுதினார். வயலின் பாகத்தை ஷேக்ஸ்பியரின் பாத்திரமொன்றுக்கு ஒப்பிட்டவர் அவரே. 1948ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் தவறுகளைக் கட்சி ஒப்புக்கொண்டது 1958 மே மாதத்திற்றான்.

1967இல் ஒயிஸ்த்ராக்கின் அறுபதாம் பிறந்தநாளுக்கென ஷொஸ்தகோவிச் இரண்டாவது கொன்சேர்ட்டோவை எழுதினார். கணக்குப் பிழைத்துவிட்டது, வித்துவானுக்கு அப்போது ஐம்பத்தொன்பதே. பிழையை ஈடுசெய்ய மறு ஆண்டில் வயலினுக்கும் பியானோவுக்குமான சொனாட்டா ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதனை 1969 மே மாதம் மொஸ்கோவில் ரிக்தரின் பியானோவுடன் ஒயிஸ்த்ராக் வாசித்தார்.