புழுவின் முட்டையும் கலக்கதிரும்

குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழு அருவருக்கத்தக்கதே. ஆயினும் கலப்பிரிவு பற்றிய ஆராய்ச்சியில் அதன் முட்டை பெற்ற இடம் பெரிது. ஏனைய உயிர்களின் கலங்களில் நிறமூர்த்தங்கள் பலவாய் நெருங்கிக் கிடக்க, கருக்கட்டிய இம்முட்டையில் ஒருவகையில் நான்கும் பிறிதொரு வகையில் இரண்டுமே உள. 1883 ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரப் பேராசிரியர் எட்வாட் வான் பெனெடென், அந்நான்கனுள் இரண்டு முட்டையினின்றும் இரண்டு விந்தினின்றும் வருதலைக் கண்டார். அவை பிரியுங்கால் இரு முனைகளுக்கிடையே நார்கள் விரிந்து, நூல் நூற்குங் கதிர்போல நடுப்பருத்து நுனி சிறுத்துத் தோன்றின. அந்நார்கள் தசைபோலச் சுருங்கி நிறமூர்த்தங்களை இழுக்கின்றன என அவர் கருதினார். ஜெர்மானிய அறிஞர் தியோடர் பொவேரி, முனையிலுள்ள சிறுமணிக்கு 1888 இல் மையமூர்த்தம் எனப் பெயரிட்டு, அதனை முட்டைக்குட் கொணர்வது விந்தே என்றார்.

எனினும் இவர்கள் ஆராய்ந்தவை பெரும்பாலும் மருந்திட்டுக் கொன்று சாயமேற்றிய கலங்களே. உயிருள்ள கலத்தைச் சாதாரண நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், கதிர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகவே தோன்றும். கலத்தைப் பதப்படுத்தும் மருந்துகள் முட்டை வெண்கருவை உறையச்செய்து, முன்பில்லாத வலையமைப்புக்களைத் தாமே தோற்றுவிக்கும் என்பதை ஆங்கில அறிஞர் ஹாடி 1899 இல் காட்டினார். அவ்வாறாயின் கதிர்நார் கலத்தின் உறுப்போ, மருந்தின் படைப்போ? இவ்வினா அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தீரவில்லை. ஐயுற்றோரைக் குறைகூறுதல் பொருந்தாது. கொன்றபின் கண்டதை உயிரின் இயல்பென நம்ப மறுத்தமை அறிவுக்கு ஏற்றதே.

தீர்ப்பு வந்ததும் ஒரு புழுவின் முட்டையினின்றே. கடலடியிற் குழாயமைத்து வாழும் கீற்றொப்புத்தெரசு என்னும் புழுவின் முட்டையை ஜப்பானிய அறிஞர் சின்யா இனுவே, தாமே திருத்தியமைத்த முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியில் நோக்கி, உயிருள்ள கலத்திலேயே நார்கள் ஒளிர்வதை 1953 இல் வெளியிட்டார். குளிரூட்டியபோது கதிர் மறைந்தது. வெப்பம் மீள, அதுவும் மீண்டது. மருந்தின் படைப்பு இவ்வாறு அழிந்தழிந்து பிறக்குமா?

நார்கள் உண்மையாயினும் வான் பெனெடெனின் தசைக்கொள்கை நிலைக்கவில்லை. அவை தியூபுலின் என்னும் புரதத்தாலான நுண்குழாய்கள்; சுருங்குவதில்லை, நுனியிற் கழன்றே குறுகுகின்றன. பொவேரியின் கூற்றோ, சிட்னி பிரென்னர் 1960களில் ஆய்வுக்கெடுத்த ஒரு மில்லிமீற்றர் நீளப் புழுவிலும் பொருந்துகின்றது. அதன் முட்டையில் ஒடுக்கற்பிரிவுக் கதிர் மையமூர்த்தமின்றியே அமைய, கருக்கட்டியபின் வரும் முதற்பிரிவின் கதிரோ விந்து கொணர்ந்த மையத்திகளைச் சுற்றி எழுகின்றது. 2001 இல் இக்கதிரை இலேசர் ஒளியால் நடுவே துணித்தபோது இரு துண்டுகளும் எதிரெதிர்த் திசையில் விலகியோடின. பின்முனைத் துண்டே விரைந்தோடிற்று. கதிரை வெளியினின்று இழுக்கும் விசை பின்புறத்தில் மிகுதி என்பதும், முளையத்தின் முதலிரு கலங்களுட் பின்னது சிறிதாவது அதனாலேயே என்பதும் அவ்வாறு புலனாயின.