தேவாலயத்துள் நாட்டுக்கொடி

அமெரிக்கத் தேவாலயங்கள் பலவற்றில் பலிபீடத்தருகே நாட்டுக்கொடி நிற்கக் காணலாம். நாடு தோன்றிய நாள்தொட்டு வந்த வழக்கமென்று இதனை எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. உள்நாட்டுப் போரின்போது சிற்சில ஆலயங்களில் கொடி ஏறியதுண்டு. பரவலாயிற்று முதல் உலகப் பெரும்போரில்தான்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா ஜெர்மனிமீது போர் தொடுத்தது. ஜெர்மன் மொழியில் வழிபட்டுவந்த லுத்தரன் சபையார்மீது அயலாரின் ஐயம் பாய்ந்தது. 1918 மே 23இல் ஐயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் அறிக்கை விடுத்தார். பள்ளியிலும் பொதுவிடத்திலும் தொலைபேசியிலும், ஏன், ஆலய வழிபாட்டிலுங்கூட ஆங்கிலமன்றிப் பிறமொழி கூடாது. ஆங்கிலம் அறியாதோர் தத்தம் இல்லங்களில் வழிபடலாம் என்பது அதன் சாரம். தாய்மொழியில் ஜெபிப்பதே குற்றமாயின் மக்கள் என் செய்வர்? கொடியை உள்ளே கொணர்ந்து நாட்டுப்பற்றைக் காட்டினர் பலர்.

அவ்வாண்டு நவம்பரில் போர் ஓய்ந்தது, கொடி நிலைத்துவிட்டது. 1942இல் காங்கிரஸ் வகுத்த கொடி விதிகள், ஆலயத்தில் கொடி வைப்பின் அதற்குரிய இடம் யாதென்று குறித்தன. வைத்தே தீரவேண்டுமென்று பணிக்கவில்லை. எனவே, அகற்ற விழையும் போதகரைத் தடுப்பது சட்டமன்று. மகனின் சவப்பெட்டிமீது அதே கொடியைக் கண்ட தாய், முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள்.