பிலிப்பீன்ஸில் பெருந்தொற்றுக்காலச் சட்டங்கள்

பிலிப்பீன்ஸில் பெருந்தொற்றுக்காலச் சட்டங்கள் என்பன கோவிட்-19 பெருந்தொற்றை எதிர்கொள்வதற்காக அந்நாட்டில் 2020 முதல் பயன்படுத்தப்பட்ட சட்டங்களையும் அரசாணைகளையும் உள்ளூர் விதிகளையும் குறிக்கும். இவற்றுள் முதன்மையானது 2020 மார்ச்சில் இயற்றப்பட்ட பயனிஹான் சட்டம் ஆகும். அடுத்தடுத்து வெளிவந்த இவ்விதிகளைப் பொதுமக்களுக்குப் புரியும்படி விளக்குவது அரசு, வழக்கறிஞர்கள், ஊடகங்கள், ஊர் அலுவலர்கள் ஆகிய அனைவருக்கும் கடினமான பணியாக அமைந்தது.

பெயர்

ஊரார் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் உதவும் மரபு பிலிப்பினோ மொழியில் பயனிஹான் எனப்படுகிறது. வேறிடம் செல்லும் குடும்பத்தின் ஓலை வீட்டை அண்டை வீட்டார் மூங்கில் கழிகளில் ஏற்றித் தோளில் சுமந்து செல்லும் வழக்கம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும்.

சட்டப் பின்னணி

பிலிப்பீன்ஸ் குடிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, சட்டத்தை அறிந்திருக்கவில்லை என்பது அதனை மீறியதற்குக் காரணமாக ஏற்கப்படாது. இதற்கு ஈடாக 2ஆம் பிரிவு, சட்டங்கள் மக்களுக்கு வெளியிடப்பட வேண்டும் என விதிக்கிறது. சட்டத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடின், அரசிதழிலோ பரவலாக விற்பனையாகும் நாளிதழிலோ வெளியாகி 15 நாட்கள் கழிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். வெளியிடப்படாத சட்டம் செல்லாது என்பதை டனியாடா எதிர் துவேரா வழக்கில் (1985, 1986) உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பயனிஹான் சட்டமோ வெளியிடப்பட்ட உடனேயே நடைமுறைக்கு வந்தது. எனவே, அறியாமையை ஏற்காத ஒரு சட்டத்தை அறிந்துகொள்ள மக்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

முக்கிய சட்டங்கள்

* குடியரசுச் சட்டம் 11332 (2019): தொற்றுநோய்களைக் கட்டாயமாக அறிவிப்பது பற்றியது. பெருந்தொற்றுக்கு முன்னரே இயற்றப்பட்டது. மீறுவோருக்கு 20,000 முதல் 50,000 பெசோ வரை அபராதமோ, 1 முதல் 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.
* குடியரசுச் சட்டம் 11469 (மார்ச் 2020): பயனிஹான் சட்டம். அதிபர் ரொட்ரிகோ டுட்டெர்ட்டேவுக்கு மூன்று மாத காலத்துக்குச் சிறப்பு அதிகாரங்களை வழங்கியது. அவர் வாரந்தோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளிக்க வேண்டும் எனவும் விதித்தது.
* குடியரசுச் சட்டம் 11494 (செப்டம்பர் 2020): இரண்டாம் பயனிஹான் சட்டம். நிவாரணத்துக்கும் பொருளாதார மீட்புக்கும் நிதி ஒதுக்கியது.
* குடியரசுச் சட்டம் 11525 (பிப்ரவரி 2021): தடுப்பூசித் திட்டச் சட்டம்.

ஊரடங்கு வகைகள்

2020 மார்ச் 17 முதல் லூசோன் தீவு முழுவதும் கடும் ஊரடங்கு நடைமுறைப்படுத்தப்பட்டது. பின்னர் ஈ.சி.கியூ., எம்.ஈ.சி.கியூ., ஜி.சி.கியூ., எம்.ஜி.சி.கியூ. என நான்கு நிலைகள் உருவாயின. இவற்றுள் முதலாவது மிகக் கடுமையானது. நான்காவது மிகவும் தளர்வானது. பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தமையாலும், ஓரிடத்தின் நிலை சில வாரங்களுக்கு ஒருமுறை மாறியமையாலும் மக்களிடையே குழப்பம் நிலவியது. 2021 செப்டம்பரில் மணிலா பெருநகரில் 1 முதல் 5 வரையிலான எண்களைக் கொண்ட எச்சரிக்கை நிலைகள் அறிமுகமாகிப் பின்னர் பிற பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டன.

பொதுவான ஐயங்கள்

கடனும் வாடகையும்: பயனிஹான் சட்டம் ஊரடங்கின்போது செலுத்த வேண்டிய கடன் தவணைகளுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் அளித்தது. தவணையே தள்ளுபடியானதாகப் பலர் கருதினர். ஆனால் தாமதத்துக்கான அபராதமும் வட்டிக்கு வட்டியும் மட்டுமே தடை செய்யப்பட்டன. அசலும் வழக்கமான வட்டியும் செலுத்தப்பட வேண்டியவையாகவே இருந்தன. வீட்டு வாடகைக்கும் 30 நாள் அவகாசம் வழங்கப்பட்டது.

உதவித்தொகை: வருமானம் குறைந்த 1 கோடியே 80 லட்சம் குடும்பங்களுக்கு, வட்டாரத்தைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 8,000 பெசோ வரை இரண்டு மாதங்களுக்கு வழங்கச் சட்டம் வகை செய்தது. தொகை தனியாளுக்கன்றிக் குடும்பத்துக்கே உரியது என்பதும், யார் தகுதியுடையவர் என்பதும் பல ஊர்களில் பூசலுக்குக் காரணமாயின.

கைது: ஊரடங்கு நேரத்தில் வெளியே வந்தோர் பலர், 11332ஆம் சட்டத்தின்படி "ஒத்துழையாமை" என்ற குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்டனர். இச்சட்டப் பிரிவு நோயுற்றவர்களையும் நோய்த்தொற்று நிகழ்வால் பாதிக்கப்பட்டவர்களையுமே குறிப்பதாகவும், வெறுமனே வெளியில் வந்தவருக்கு அது பொருந்தாது எனவும் வழக்கறிஞர்கள் வாதிட்டனர். பிடிபட்டவர் பேசாதிருக்கவும் வழக்கறிஞரின் உதவியைப் பெறவும் கொண்டுள்ள உரிமை ஊரடங்கிலும் மாறவில்லை.

தடுப்பூசி அட்டை: கல்வி, வேலைவாய்ப்பு முதலியவற்றுக்குத் தடுப்பூசி அட்டையைக் கூடுதல் கட்டாயத் தேவையாகக் கொள்ளக்கூடாது என 11525ஆம் சட்டம் கூறுகிறது. எனினும் 2022 ஜனவரியில் மணிலா பெருநகரப் பொதுப் போக்குவரத்தில் தடுப்பூசி பெறாதோரின் பயணம் கட்டுப்படுத்தப்பட்டது. இது சட்டத்துக்கு முரணானதா என்ற விவாதம் எழுந்தது.

மொழியும் பரப்புதலும்

நாட்டின் ஆட்சிமொழிகள் பிலிப்பினோவும் ஆங்கிலமும் ஆகும். சட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. செபுவானோ, இலோகானோ, இலிகாய்னொன், வாராய் முதலிய மொழிகளைப் பேசும் கோடிக்கணக்கான மக்கள் விதிகளைப் பிறர் வாயிலாகவே அறிந்தனர். அதிபரின் இரவு நேரத் தொலைக்காட்சி உரைகள் தகாலாகு, ஆங்கிலம், விசாய மொழி ஆகியன கலந்து அமைந்திருந்தன.

நாட்டின் மிகச் சிறிய ஆட்சி அலகான பரங்கையே விளக்கத்தின் முதன்மைக் களமாக விளங்கியது. வெளியே செல்வதற்கான அனுமதிச் சீட்டையும் உதவித்தொகைக்கான படிவத்தையும் மக்கள் பரங்கை அலுவலர்களிடமே பெற்றனர். இதனால் ஒரு விதியின் பொருள் அவர்களது புரிதலைப் பொறுத்து ஊருக்கு ஊர் வேறுபட்டது. உரிமக் காலம் முடிந்ததால் ஏ.பி.எஸ்-சி.பி.என் நிறுவனம் 2020 மே 5 அன்று ஒளிபரப்பை நிறுத்தியபோது, அதனை நம்பியிருந்த தொலைதூரப் பகுதிகள் முக்கிய செய்தி வழியொன்றை இழந்தன.

விமர்சனங்கள்

பயனிஹான் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பொய்ச் செய்தி பரப்புவோருக்கு இரண்டு மாதச் சிறையோ, 10,000 முதல் 10 லட்சம் பெசோ வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. எது பொய்ச் செய்தி என்பது தெளிவாக வரையறுக்கப்படாததால், விதிகளைப் பற்றிக் கேள்வி எழுப்பவே மக்கள் அஞ்சக்கூடும் என உரிமை ஆர்வலர்கள் சுட்டிக்காட்டினர். பொது நலன் சார்ந்த செய்திகளை அறியும் உரிமையை 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மக்களுக்கு வழங்கியுள்ளது.

முடிவு

முதல் பயனிஹான் சட்டம் 2020 ஜூனில் காலாவதியானது. 2023 ஜூலை 21 அன்று அதிபர் பொங்பொங் மார்க்கோசின் 297ஆம் பிரகடனம் பொதுச் சுகாதார அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது.

இவற்றையும் பார்க்கவும்

* கோவிட்-19 பெருந்தொற்று
* பிலிப்பீன்ஸ் அரசியலமைப்பு
* பரங்கை