சிப்பாய்களின் சங்கீதம்



பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்தில், மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களில் அடக்கம் செய்யப்பட்டிருந்த இரண்டாம் உலகப்போர் வீரர்களின் உடல்கள், அவ்விடங்களில் நிரந்தரமாகப் பராமரிக்க இயலாததால், இங்கே கொண்டுவரப்பட்டன. 850-க்கும் மேற்பட்டோர் இங்கு துயில்கிறார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல். பல கற்களில் சிலுவை பொறிக்கப்பட்டிருக்கிறது.

இவர்களில் பலரும் 91-ஆம் சங்கீதத்தை அறிந்திருப்பார்கள். ஆயிரம் பேர் அருகில் விழுந்தாலும் ஆபத்து நம்மை அணுகாது என்று கூறும் அந்தச் சங்கீதத்திற்குச் 'சிப்பாய்களின் சங்கீதம்' என்றே ஒரு பெயர் உண்டு. முதல் உலகப்போரில் 91 என்னும் எண்ணைக் கொண்ட அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று இதை நாள்தோறும் ஜெபித்ததாகவும், ஒருவர்கூடச் சாகாமல் திரும்பியதாகவும் ஒரு கதை பிரசங்கங்களிலும் கைப்பேசிச் செய்திகளிலும் உலவுகிறது. வரலாறு வேறுவிதமாகச் சொல்லுகிறது. 1918-இல் பிரான்சின் ஆர்கோன் காட்டுப் பகுதியில் போரிட்ட அமெரிக்காவின் 91-ஆம் டிவிஷன், அந்தப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்தது.

கேட்பதற்கு இனிய கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நாம் எண்ணலாம். ஆனால் மகனை இழந்த ஒரு தாய் அந்தக் கதையை எப்படிக் கேட்பாள்? "என் ஜெபத்தில் என்ன குறை?" என்றல்லவா அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள்!

1971 டிசம்பரில் அகர்தலாவுக்கு அருகே கங்காசாகர் போரில் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா வீரமரணம் அடைந்தார். இன்றைய ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில், ஆதிவாசிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். படுகாயமுற்ற நிலையிலும் முன்னேறிச் சென்று, தம் தோழர்களைக் கொன்றுகொண்டிருந்த இயந்திரத் துப்பாக்கிகளை அடக்கிய பின்பே அவர் விழுந்தார். மரணத்திற்குப்பின் அவருக்குப் பரம்வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. அவருடைய வீட்டிலும் அவருக்காக ஜெபித்திருப்பார்கள் அல்லவா? அந்த ஜெபம் வீணாயிற்று என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா?

வேதத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 91-ஆம் சங்கீதத்தை இயேசுவிடம் எடுத்துச் சொன்னவன் பிசாசு (மத்தேயு 4:6). தேவாலய உப்பரிகையின்மேல் அவரை நிறுத்தி, தூதர்கள் தாங்குவார்கள், குதியும் என்று தூண்டினான். சங்கீதம் உண்மையானது, அதைத் தாயத்தாக்கும் சோதனையையே ஆண்டவர் மறுத்தார். சிலுவையில் மரணம் நெருங்கியபோது அவர் எடுத்துக்கொண்டது 31-ஆம் சங்கீதம். தம் ஆவியைப் பிதாவின் கைகளில் ஒப்புவிக்கும் ஜெபம் அது (லூக்கா 23:46). யூதர்கள் இரவில் உறங்கப்போகுமுன் சொல்லும் ஜெபங்களில் இந்த வசனமும் ஒன்று.

மரணத்தை எதிர்கொள்ளும் வீரனின் விசுவாசம் இதுவே என்று எண்ணுகிறேன். குண்டு தன்னைத் தொடாது என்னும் உத்தரவாதம் அவனிடம் இல்லை. தொட்டாலும் யாருடைய கையில் விழுவான் என்பது அவனுக்குத் தெரியும்.

எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன் ஜான், 1915-இல் லூஸ் போரில் 18 வயதில் மாண்டான். தந்தை உயிரோடிருந்தவரை அவனுடைய உடல் அடையாளம் காணப்படவில்லை. பின்னர் போர்க் கல்லறை ஆணையத்தில் பணியாற்றிய கிப்ளிங், பெயர் தெரியாத வீரர்களின் கற்களுக்கென ஒரு வாசகத்தைத் தெரிந்தெடுத்தார். இவன் யாரென்று தேவன் அறிவார் என்பதே அதன் பொருள். தன் மகனின் கல்லறை எதுவென்று அறியாத தகப்பன் தந்த சொற்கள் அவை.

ஆவடியிலும் சுற்றுப்புறங்களிலும் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய குடும்பங்கள் பல. அவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று ஊக்கமாய் ஜெபிப்போம். அப்படிக் கேட்பது பிள்ளைகளுக்குரிய உரிமை. துக்கச் செய்தி வந்த வீட்டிலோ, அவர்களுடைய விசுவாசத்தை அளந்து பார்க்காமல், அருகில் அமர்ந்து அழுவோம். இந்த வாரம் சங்கீதம் 91-ஐயும் 31-ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.