மூன்று கட்டில்கள்

பொம்பெயி இடிபாடுகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓவியம் தீட்டிய மாளிகைகளைப் பார்த்துத் திரும்புகிறார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய நகரம் அது. நான் சொல்ல வந்தது, நகர மதிலுக்கு வெளியே சிவிதா ஜூலியானாவில் ஒரு செல்வந்தர் மாளிகையையொட்டி 2021இல் வெளிப்பட்ட அறையைப் பற்றி.

16 சதுர மீட்டர். உயரத்தில் ஒரு சிறு சன்னல். மூலையில் எட்டு ஜாடிகள், குதிரைச் சேணச் சாமான்கள், ஒரு மூத்திரச் சட்டி. அவற்றுக்கு நடுவே மூன்று கட்டில்கள். எசமானின் கிடங்கிலேயே அடிமைகளும் படுத்திருக்கிறார்கள்.

கட்டிலின் மரமும் கயிறும் எப்போதோ மக்கிவிட்டன. சாம்பலுக்குள் அவை விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சாந்து ஊற்றி உருவத்தை எடுத்தார்கள். 1863இல் பியொரெல்லி கையாண்ட முறைதான். எழுத்தில் இல்லாதவர்களுக்கு வரலாறே இல்லை என்று நம்மிடம் சொல்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு கட்டில்கள் 1.70 மீட்டர் நீளம். மூன்றாவது 1.40. சிறு குடும்பமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் ரோமச் சட்டத்தில் அடிமைகளுக்குத் திருமணமே கிடையாது. அடிமைத்தாயின் பிள்ளை அவளுடைய எசமானுக்குச் சொந்தம். அந்தக் குட்டைக் கட்டிலில் படுத்தது பிள்ளை என்றால், பக்கத்தில் படுத்திருந்த இருவருக்கும் அதன்மேல் உரிமை இல்லை.